அயலார் எல்லையில் ஒரு பிரயாணம்

அயல் தேசத்து ராஜாங்க விவகாரங்களைப் பற்றி அந்நியர் முன்னிலையில் வாய் திறப்பது மரியாதையன்று என்னும் ஓர் ஆசாரம், நான் மொன்றியல் நகரில் வந்து குடியேறிய காலத்துக் கனடியரிடையே பெருமளவுக்கு அநுசரிக்கப்பட்டு வந்தது. தெற்கே நடக்கும் தேர்தலில் யார் வெல்வார் என்று கேட்டால், ஒரு புன்னகையோடு பேச்சைப் பனிக்காலத்தின் கடுமைக்குத் திருப்பிவிடுவதே கண்ணியமான மனிதரின் லட்சணமாகக் கருதப்பட்டது. 2025ஆம் ஆண்டு பிறந்த பின்னர் அந்த ஆசாரம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. கனடாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 51ஆவது மாநிலமாக்கிவிடலாம் என்று ஜனாதிபதி டிரம்ப் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கியதும், எல்லை வழியே குடியேறிகளும் பென்டானில் என்னும் நஞ்சும் வந்து குவிகின்றன என்று காரணங்காட்டிக் கனடியச் சரக்குகளின் மேல் 25 சதவீதத் தீர்வையை விதித்ததும், முடிதிருத்தும் கடை முதல் கோயில் மடைப்பள்ளி வரை எல்லைப் பேச்சாகவே ஆகிவிட்டது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அதிகாரிகள் தங்கள் வடக்கு எல்லையில் கைப்பற்றிய பென்டானில் 43 இறாத்தல், தெற்கு எல்லையில் கைப்பற்றியதோ 21,000 இறாத்தலுக்கு மேல் என்னும் கணக்கை, பள்ளிச் சிறுவர் வாய்பாடு ஒப்பிப்பது போல் எல்லோரும் ஒப்பித்தார்கள். கோபம் வாயோடும் நிற்கவில்லை. காரில் அமெரிக்கா சென்று திரும்பும் கனடியரின் தொகை, முந்தின ஆண்டோடு ஒப்பிடுகையில், பல மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. எனினும், இத்தனை பேரும் இவ்வளவு உக்கிரமாகப் பேசும் அந்த எல்லையை, அதைக் கடக்காமலே, நம்முடைய பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்து வரவேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. செப்டெம்பர் மாதக் கடைசியில், மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும் பருவத்தில் புறப்பட்டோம். என்னோடு வந்தவர், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையிலே பிறந்து, எனக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே இந்நாட்டை வந்தடைந்த ஓர் அண்ணை. வண்டியும் அவருடையதே, ஓட்டுவதற்கு வேறொருவரை விடமாட்டார். மொன்றியலின் பாலத்தைக் கடந்ததுமே தம்முடைய சித்தாந்தத்தைச் சொல்லிவிட்டார்: “அவையள் தங்கடை படலையைப் பூட்டினால் நாங்கள் ஏன் தம்பி குழறுவான்? எங்கடை படலையை நாங்கள் பாத்தாக் காணும்.” இந்த வாக்கியத்தில் எவ்வளவு விவேகமும் எவ்வளவு வசதியும் கலந்திருக்கின்றன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பத்தாம் இலக்க நெடுஞ்சாலை கிழக்கே ஓடி மேகோக் பட்டினத்தை நெருங்குமிடத்தில் மெம்ப்ரமேகோக் ஏரி தென்படும். நீண்டு ஒடுங்கிய அந்த ஏரியின் வடபாகம் கியூபெக்கிலும் தென்பாகம் வெர்மொன்ட் மாநிலத்திலுமாகக் கிடக்கிறது. அங்கிருந்து 55ஆம் இலக்கச் சாலை தெற்கே திரும்பி, ஸ்டான்ஸ்டெட் என்னும் சிற்றூரில் எல்லையைத் தொட்டு, அமெரிக்கச் சாலையாகப் பெயர் மாறி அப்பால் போய்விடுகிறது. கருங்கல்லுக்குப் பேர்போன ஊர் அது. அதனோடு ஒட்டி, ஒரே ஊரின் இன்னொரு குறிச்சி போல், அமெரிக்கப் பக்கத்தில் டெர்பி லைன் இருக்கிறது. குடிதண்ணீர் கனடியக் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டு அமெரிக்கப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் சேர்ந்து இரு ஊருக்கும் பாய்கிறது. கழிவுநீர் மறுபடியும் கனடாவுக்கு வந்து சுத்திகரிக்கப்படுகிறது. ராஜதானிகளில் உறவு முறிந்தாலும் குழாய்களில் முறியவில்லை.

இந்த எல்லைக்கோட்டின் ஜாதகத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். பூகோளத்தின் 45ஆம் பாகை அட்சரேகையே கியூபெக்குக்கும் அதன் தெற்கு அயலுக்கும் எல்லை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. 1770களில் அதை நிலத்தில் குறிக்கக் காட்டுக்குள் அனுப்பப்பட்ட நில அளவையாளர், அக்காலத்துக் கருவிகளோடும் அக்காலத்துக் குளிரோடும் போராடி இழுத்த கோடு, சில இடங்களில் வடக்கேயும் சில இடங்களில் தெற்கேயுமாக உண்மையான பாகையை விட்டு விலகி அலைந்தது. பின்னாளில் அமெரிக்கர், 1812இல் தொடங்கிய யுத்தம் ஓய்ந்ததும், ஆங்கிலேயர் மறுபடி வந்தால் தடுப்பதற்கென ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் 1816இல் ஒரு கோட்டை கட்டத் தொடங்க, மீண்டும் அளந்து பார்த்தபோது அந்தக் கோட்டை ஆங்கிலேயர் மண்ணிலேயே எழும்பிக்கொண்டிருப்பது தெரியவந்தது! வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்; அயலவர்கள் அதற்கு மடமைக் கோட்டை என்று பொருள்படும் பட்டப்பெயர் சூட்டினார்கள். 1842ஆம் ஆண்டு வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் உடன்படிக்கை, கோணலோ நேரோ, பழைய கோடே எல்லை என்று முடிவு கட்டி, கோட்டை நின்ற நிலத்தையும் அமெரிக்காவுக்கே கொடுத்துவிட்டது. இன்று தெய்வ நியமனம் போல் காவல் காக்கப்படும் கோடு, வழி தவறிய சில அளவையாளரின் கால்தடம் என்பதை இரு நாட்டு மந்திரிமாரும் அறிந்திருப்பார்களோ, நானறியேன். 8,891 கிலோமீட்டர் நீளமான முழு எல்லையிலும், காடு வருமிடமெல்லாம் 6 மீட்டர் அகலத்துக்கு மரம் வெட்டி வெளியாக வைத்திருப்பது இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் எல்லை ஆணைக்குழுவின் வேலை.

ஸ்டான்ஸ்டெட்டுக்கு வருவோர் யாவரும் பார்க்க வருவது ஹாஸ்கெல் நூலகத்தை. மார்த்தா ஸ்டூவர்ட் ஹாஸ்கெல் என்னும் சீமாட்டி, மறைந்த கணவரின் நினைவாகத் தம் மகனோடு சேர்ந்து, இரு ஊராரும் பொதுவில் அநுபவிக்க வேண்டும் என்ற சங்கல்பத்தோடு, வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேல் 1901இல் கட்டத் தொடங்கி 1904இல் முடித்த மாளிகை இது. கீழே நூலகம், மேலே நாடகசாலை. வாசல் அமெரிக்காவில்; புத்தகங்களிற் பெரும்பாலானவை கனடாவில். நாடகசாலையில் மேடை கனடாவில். சபையோரின் இருக்கைகளில் மிகுதி அமெரிக்காவில். மேடைக்கு முன் தொங்கும் திரையில் வெனிஸ் நகரத்து நீர்வீதி எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு தேசங்களுமே இதைத் தத்தம் சரித்திரச் சின்னமாகப் பதிவு செய்திருக்கின்றன.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கனடியர்கள் இந்த வாசலுக்கு நடைபாதை வழியே சில அடிகள் அமெரிக்க மண்ணில் நடந்து போவார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவார்கள். சுங்கத்தாரிடம் போக வேண்டியதில்லை. 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இவ்வழக்கத்தை ரத்துச் செய்யப் போவதாக அறிவித்தது. முதற்கட்டமாக, நூலக அட்டை உள்ளவர்களும் ஊழியர்களும் மட்டும் நடைபாதையைப் பாவிக்கலாம். ஒக்டோபர் முதலாந் திகதி முதல் அவர்களுக்கும் இல்லை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, எல்லாரும் சுங்கச்சாவடி சுற்றியே வரவேண்டும் என்று ஏற்பாடு. நூலகத்தார் மனந்தளரவில்லை. கனடியப் பக்கத்தில் அவசரகாலத்துக்கென இருந்த பின்கதவைத் தக்கதொரு வாசலாக்கத் தீர்மானித்துப் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். இந்தப் பிராந்தியத்தில் வாழும் பிரசித்தி பெற்ற துப்பறியும் நாவலாசிரியை லூயிஸ் பென்னி 50,000 டொலர் கொடுத்தார். நாங்களும் அட்டை இல்லாதவர்களானபடியால், அந்தப் பின்கதவு வழியாகவே உள்ளே போனோம்.

வாசிப்பறையின் மரத்தரையில், ஒரு மூலையிலிருந்து சரிந்து புறப்பட்டு மறுபக்கம் செல்லும் கறுப்புக் கோடு கிடக்கிறது. விரல் நீள அகலங்கூட இராது. ஆட்கள் நடந்து நடந்து அதன் ஓரங்கள் தேய்ந்திருந்தன. ஒரு நாற்காலியின் முன்கால் இரண்டும் ஒரு தேசத்திலும் பின்கால் இரண்டும் மற்றத் தேசத்திலுமாக நின்றது. ஒரு சிறுமி கோட்டின் இருபுறமும் மாறி மாறித் தத்திக்கொண்டிருக்க, அவளுடைய தாயார் பிரெஞ்சு மொழியில் மெல்ல அதட்டினார். இதே கோட்டைத்தான் 2025 ஜனவரி 30ஆந் திகதி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு மந்திரி கிறிஸ்டி நோயம் தாண்டித் தாண்டிக் காட்டி, தம் பக்கத்தில் நின்றபோது அமெரிக்காவே முதல் என்றும், இந்தப் பக்கம் கால்வைத்தபோது 51ஆவது மாநிலம் என்றும் விளையாடினார் என்று நூலகத்தார் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். சிறுமி செய்தால் விளையாட்டு. மந்திரி செய்தால் அது ராஜதந்திரம் ஆகிவிடுகிறது. அண்ணை மட்டும் கோட்டின் அருகே வந்ததும் நின்றுவிட்டார். உள்ளே இருக்கும் வரையில் எவரும் தாராளமாக அந்தப் பக்கம் போய் வரலாம் என்று சொன்ன பிறகும், “இஞ்சையிருந்தே வடிவாத் தெரியுது” என்று சொல்லிக் கனடாவிலேயே உட்கார்ந்து ஒரு சஞ்சிகையைப் புரட்டினார்.

2018ஆம் ஆண்டில் இந்த அறை பார்த்த காட்சி வேறு. ஈரான் முதலிய சில நாட்டார் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த டிரம்பின் ஆணையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வருடம் ஜூன் மாதத்தில் செல்லுபடியாகும் என்று தீர்த்துவிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்களிற் பலர் ஒரே தடவை பிரவேசிக்கும் விசாவில் வந்தவர்கள். வெளியே போனால் மீள முடியாது. பெற்றோரோ உள்ளே வர முடியாது. ஆகவே பெற்றோர் கனடிய விசா பெற்று மொன்றியலில் இறங்கி இங்கே வர, பிள்ளைகள் அமெரிக்க வாசல் வழியே வர, இந்தக் கறுப்புக் கோட்டின் மேல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். உணவுப் பொட்டலங்களை மாற்றிக்கொண்டார்கள். செய்தி பரவிக் கூட்டம் பெருகவே, குடும்பச் சந்திப்புகளுக்கு இது இடமன்று என்று நூலகத்தார் அறிவிப்பு எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று. நூலகத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வாசலில் நின்றது இரண்டு அரசாங்கங்களின் அதிகாரம்.

வெளியே, எல்லையைக் குறிக்கும் பூந்தொட்டிகளின் அருகே, ஊர்க்காரர் ஒருவர் எங்களோடு பேச்சுக் கொடுத்தார். கல் அறுக்கும் தொழிலில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற முதியவர். கைவிரல்களில் அத்தொழிலின் தழும்புகள் இருந்தன. அவருடைய மாமியார் டெர்பி லைனில் பிறந்தவராம். சிறுவயதில் அந்தத் தெருவால் சைக்கிளில் போய் மிட்டாய் வாங்கி வந்ததையும், 2001 செப்டெம்பருக்குப் பின்னர் தெருக்களின் குறுக்கே தடுப்புகள் எழும்பியதையும், 2009 ஜூன் மாதம் முதல் தரைவழி போகவும் கடவுச்சீட்டு முதலிய பத்திரங்கள் வேண்டுமென்று ஆனதையும், ஒரு வியாதியஸ்தர் தம் வியாதி முற்றிய படிகளைச் சொல்வது போல் வரிசையாகச் சொன்னார். பின்பு அமெரிக்க அரசியலுக்கு வந்தார். வந்ததும் அவருடைய குரல் உயர்ந்தது. குடியேறிகளை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் பிடிக்கிறார்களே, அதைத் தடுக்க அங்கே ஆள் இல்லையா? வாக்களித்தவர்கள் வெட்கப்பட வேண்டாமா? அவர் பேசியதில் நியாயம் நிறைய இருந்தது. பேசுவதற்கு அவருக்குப் பாத்தியதையும் இருந்தது. வாசலைப் பூட்டியவன் அயலானேயானாலும், பூட்டப்பட்டது இவருடைய வழி.

ஆனால் அமெரிக்கர் தரப்பிலும் வழக்கு இல்லாமலில்லை. இதே நூலகத்தின் கழிவறையில் கைத்துப்பாக்கிகள் நிறைந்த பையை ஒருவர் ஒளித்துவைக்க, கனடியர் ஒருவர் எடுத்துச் சென்ற கடத்தல் நிஜமாகவே நடந்து, நீதிமன்றத்தில் தண்டனையும் வழங்கப்பட்டிருக்கிறது. மந்திரி வந்ததற்குப் பத்து நாள் முன்னர்தான், இங்கிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் எல்லைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். வெர்மொன்டையும் அதன் இருபக்க நிலத்தையும் காவல் செய்யும் ஸ்வான்டன் பிரிவில், 2024 நிதியாண்டில் கனடாவிலிருந்து களவாகக் கடந்து பிடிபட்டவர்கள் 19,000க்கு மேல். அவர்களில் இந்தியர் ஏராளம். முதியவரிடம் இவற்றை எடுத்துச் சொன்னபோது மறுக்கவில்லை. அதன் பின் நான் வேறொன்று கேட்டேன்: அகதிகள் தெற்கிலிருந்து நடந்து வந்த ரொக்ஸம் வீதியை 2023இல் கனடா அடைத்ததே, அதைப் பற்றி அவர் அபிப்பிராயம் என்ன? அதுவரை ஆறாகப் பெருகிய பேச்சு அங்கே சற்று நின்றது. அது வேறு விஷயம் என்றார். வரிசையில் நில்லாமல் வந்தவர்கள் அவர்கள் என்றார். பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்து, உங்களைச் சொல்லவில்லை என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

மேற்கே திரும்பும் வழியில் பீபி என்னும் பகுதியைக் கடந்தோம். அங்கே எல்லை தெருவின் நடுவே ஓடுகிறது. வடபுறத்து வீடுகள் கனடா, தென்புறத்து வீடுகள் அமெரிக்கா. பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. ஒரு கிழவி தன் வேலியோரம் காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எந்த நாட்டுக் கிழவி என்பதற்குச் சாலையின் மஞ்சள் கோட்டைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

ரொக்ஸம் வீதிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது அண்ணை, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றார். இருந்தும் ஓட்டினார். ஹெமிங்ஃபோர்ட் பிரதேசத்து அப்பிள் தோட்டங்களில், வாரவிடுமுறைக்கு வந்த நகரத்துக் குடும்பங்கள் கூடை கூடையாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி வயல்களுக்கும் புதர்களுக்கும் நடுவே செல்லும் ஒடுங்கிய நாட்டுப்புறப் பாதைதான் ரொக்ஸம். அண்ணை சொன்னது மெய், பார்க்க ஒன்றுமில்லை. பொலிஸார் அமைத்திருந்த கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். புல் வளர்ந்திருந்தது. பாதை முடியுமிடத்தில் தடுப்பு. அதற்கப்பால் நியூயோர்க் மாநிலம்.

இங்கே நடந்தது இதுதான். கனடாவும் அமெரிக்காவும் 2002இல் கையெழுத்திட்டு 2004 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஓர் உடன்படிக்கையின்படி, அகதிக் கோரிக்கை செய்ய விரும்புபவர், இவ்விரண்டு நாடுகளில் முதலில் வந்திறங்கிய நாட்டிலேயே அதைச் செய்ய வேண்டும். மற்றதன் சுங்கச்சாவடிக்கு வந்தால் திருப்பி அனுப்பப்படுவார். ஆனால் அவ்விதி சுங்கச்சாவடிகளுக்கே பொருந்துவதாக எழுதப்பட்டிருந்தது; சாவடிக்கு வெளியே, காட்டு வழியாகக் கடந்து வந்துவிட்டவரைத் திருப்ப அதில் இடமில்லை. 2017இல் டிரம்பின் முதலாட்சி தொடங்கியதும், அமெரிக்காவில் இருப்பதற்கு அஞ்சியவர்கள் பிளாட்ஸ்பர்க் பட்டினத்தில் பேருந்தை விட்டிறங்கி, வாடகைக் காரில் இப்பாதையின் முனைக்கு வந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். தாண்டினால் கைது செய்வோம் என்று பொலிஸார் சட்டப்படி எச்சரிப்பார்கள், அவர்கள் தாண்டுவார்கள், கைதாவார்கள், அந்தக் கைதே கோரிக்கையின் முதற்படியாகும். 2022ஆம் ஆண்டில் மட்டும் 39,000 பேருக்கு மேல் கியூபெக்கில் இவ்வாறு வந்தார்கள்.

2023 மார்ச் 24ஆந் திகதி ஜனாதிபதி பைடன் ஒட்டாவாவுக்கு விஜயம் செய்தபோது, அந்த உடன்படிக்கை எல்லை முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அன்று நள்ளிரவு கழிந்ததும் அது அமுலுக்கு வந்தது. இதை வற்புறுத்திக் கேட்டது வாஷிங்டன் அன்று, ஒட்டாவா. அக்காலத்தில் எங்களுடைய பிரதம மந்திரி டிரம்ப்பைப் போல் பேசுபவரல்லர். புலம்பெயர்ந்தோரை வரவேற்பதாக உலகறியச் சொன்னவர். கடிந்து பேசுபவன் பூட்டினாலென்ன, புன்முறுவலோடு பூட்டினாலென்ன, வெளியே நிற்பவனுக்குக் கதவு ஒன்றே. புதிய விதியில் இன்னொரு விபரீதமும் இருந்தது. கடந்து வந்து பதினான்கு நாள் பிடிபடாமல் இருந்துவிட்டவர், பின்னர் கோரிக்கை செய்ய முடிந்தது. நேரே வந்து பொலிஸாரிடம் தன்னை ஒப்புக்கொடுத்தவனைத் துரத்தி, ஒளிந்திருக்கத் தெரிந்தவனுக்கும் ஒளித்துவைக்கும் தரகனுக்கும் பரிசளிக்கும் ஏற்பாடு அது.

தரகரின் கையில் அகப்பட்டவர் கதி என்னவாகும் என்பதற்கு, எதிர்த்திசையில் போன ஒரு குடும்பம் சாட்சி. குஜராத்தின் டிங்குச்சா கிராமத்தவரான கணவன், மனைவி, பதினொரு வயது மகள், மூன்று வயது மகன் ஆகிய நால்வரும், 2022 ஜனவரியில் மனிடோபா மாகாணத்து எமர்சனுக்கு அருகே, எல்லைக்குச் சில மீட்டர் இப்பால் பனியில் விறைத்துக் கிடந்தார்கள். வழிநடத்தியவர்களை மினசோட்டா நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்த்தது. அவர்கள் அமெரிக்காவுக்குப் போக நினைத்தார்கள் என்பதனால், எங்கள் ஊரில் பலர் அதையும் அமெரிக்க விவகாரமாகவே எண்ணி மறந்துவிட்டார்கள்.

பாதையின் முனையில் அண்ணை வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். 1987ஆம் ஆண்டு பெப்ரவரியில் கனடா தன் விதிகளை இறுக்கி, எல்லைக்கு வந்தவர்களுக்கு விசாரணைக்கு நாள் குறித்து, அதுவரை அமெரிக்காவிலேயே காத்திருக்குமாறு திருப்பியனுப்பிய காலத்தில், அவர் நியூயோர்க் வழியாகப் பஃபலோ நகரம் வந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் தங்கியிருந்தாராம். எல் சல்வடோர் நாட்டவர்களோடு ஒரே அறை. ஒருவருக்கொருவர் பாஷை தெரியாது; மாவைக் குழைத்து ரொட்டி சுடுவதில் மட்டும் போட்டி நடக்குமாம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் இதை அவர் எனக்குச் சொன்னது அன்றுதான்.

“அப்ப நீங்களும் வரிசையிலை நிண்டு வரேல்லைத்தானே அண்ணை?” என்று கேட்டேன்.

“அப்ப ஆக்கள் குறைவு தம்பி. இப்ப கணக்கில்லை. வாறவன் எல்லாம் உண்மையான அகதியோ? அதோடை எங்களுக்கு ஊரிலை சண்டை.”

இப்பேச்சைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் அதில் அடங்கிய அச்சம் பொய்யன்று. வாடகை ஏறிவிட்டது, வைத்தியரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பேரப்பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. இக்குறைகளுக்கு அகதி காரணமல்லன் என்று புள்ளிவிவரம் காட்டலாம். வீடு கட்டாமல் விட்ட அரசாங்கத்தின் மேல் குற்றஞ் சாட்டலாம். எனினும், அப்போது ஆட்கள் குறைவு என்ற சமாதானத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1986 ஓகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் கண்டெடுத்தபோது, குறைந்த ஆட்கள்தாமே என்று நாடு பேசாமலிருந்துவிட்டதா? இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது பின்னர் தெரிந்ததும், பொய்யர், வரிசை குலைத்தவர் என்று எழுந்த கூச்சலைப் பழைய பத்திரிகைகளில் இன்றும் படிக்கலாம். 2010இல் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் வந்தபோதும் அதே கூச்சல். இன்று நாம் அச்சொற்களைச் சுத்தமான உச்சரிப்போடு ஹெயிட்டியருக்கும் வெனிசுவேலருக்கும் சொல்லக் கற்றுக்கொண்டோம்.

நெடுநேரம் கழித்து மொன்றியல் திரும்பும் சாலையில் எங்கள் சம்பாஷணை ஒட்டாவாவின் புதிய மசோதாவுக்கு வந்தது. அமெரிக்காவைச் சாந்தப்படுத்துவதற்காகவே 2024 டிசம்பரில் 130 கோடி டொலர் செலவில் எல்லைக் காவல் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு, வாடகை ஹெலிகொப்டர்கள் பறக்கவிடப்பட்டிருந்தன. அதன் தொடர்ச்சியாக 2025 ஜூன் 3ஆந் திகதி சி-2 என்னும் இலக்கமிட்ட மசோதா பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அதன் ஒரு பிரிவின்படி, 2020 ஜூன் 24ஆந் திகதிக்குப் பின் முதன்முறை கனடாவுக்கு வந்தவர், வந்து ஓராண்டு கழிந்த பின்னர் அகதிக் கோரிக்கை செய்தால், அது குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைக்குப் போகாது. நாடு கடத்துமுன் நடக்கும் அபாய மதிப்பீடு ஒன்றே அவருக்கு மிஞ்சும். மாணவராக வந்தவருக்கும் விருந்தாளியாக வந்தவருக்கும் இது பொருந்தும். அந்தப் பதினான்கு நாள் வழியையும் மசோதா அடைக்கிறது. தரகனை ஒழிப்பதற்கு மாறாக, தரகனிடம் போனவனைத் தண்டிக்கும் முறையில்.

இதைச் சமர்ப்பித்த பொதுப் பாதுகாப்பு மந்திரி, யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983இல் சிறுவனாக இந்நாட்டுக்கு வந்த கரி ஆனந்தசங்கரி. நம்மவர் ஒருவர் மந்திரியானதில் எனக்கும் பெருமையே. அப்பெருமை அவருடைய மசோதாவைப் படிக்காமலிருப்பதற்கு முகாந்தரமாகாது. 1982ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவ விசாவில் இங்கு வந்த ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். வரும்போது அவன் அகதியல்லன். படிப்பு முடிந்ததும் திரும்புவதாகவே எண்ணி வந்தான். பதின்மூன்றாம் மாதம், 1983 ஜூலையில், கொழும்பில் அவன் உறவினரின் வீடு எரிகிறது. இப்படியொரு விதி அன்று இருந்திருந்தால், அவனுடைய ஓராண்டு முடிந்துவிட்டது. சபை அவன் வழக்கைக் கேட்டிராது. ஆபத்து நாட்காட்டி பார்த்து வருவதில்லை என்பதை நம்மைக் காட்டிலும் அறிந்த சமூகம் இந்நாட்டில் எத்தனை இருக்கும்?

அண்ணை இந்த உதாரணத்தைக் கேட்டுச் சிறிது தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, அந்த ஓராண்டுக் கணக்கு மட்டும் பிழை என்றார். மற்றவற்றில் அவர் தம் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை.

ஸ்டான்ஸ்டெட் முதியவரைப் போல், நாமும் அமெரிக்க அதிகாரத்தின் அகங்காரத்தைத் தாராளமாகக் கண்டிக்கலாம். அதனால் அவ்வூர் நடைபாதையில் ஒரு பூந்தொட்டிகூட நகரப் போவதில்லை. அங்கே நமக்கு வாக்கில்லை. ஒட்டாவாவில் இருக்கிறது. 2025 செப்டெம்பர் முடிவு வரையில் மசோதா சட்டமாகியிருக்கவில்லை. ஆகையால் ஸ்காபரோவிலும் மொன்றியலிலும் பிராம்ப்டனிலும் உள்ள தமிழ் வாசகர்கள், அந்த ஓராண்டு விதியை நீக்கும்படி தத்தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுகிறேன். தமிழ் அறிந்த உறுப்பினராயின் தமிழிலேயே எழுதலாம். பொதுச்சபை உறுப்பினருக்கு ஒட்டாவா விலாசமிட்டு அனுப்பும் கடிதத்துக்கு முத்திரை ஒட்ட வேண்டியதில்லை.